துரையின் பிடி

ஜனவரி 9

வாலு,

இன்று காலை பல் துலக்கும் முன்பே ஒரு முட்டையைத் தூக்கினேன். சிரிக்காதே. படுக்கையில் உட்கார்ந்தபடியே புதுக் கையை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய், அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, மேசையின் மறுமுனையில் இருந்த கிண்ணத்தில் வைத்தேன். உடையவில்லை, கீறல்கூட விழவில்லை. அதற்குப் பிறகுதான் முகம் கழுவி, காபி போட்டு, அந்த முட்டையையே வேகவைத்துச் சாப்பிட்டேன். இத்தனை ருசியாக ஒரு முட்டையை நான் சாப்பிட்டதில்லை.

நான் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? டாக்டர் படுக்கச் சொன்னால் படு. உன் வாய் மட்டும் எழுந்து நடமாடட்டும்.

மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். அந்த லாரி என் வலது கையை முழங்கைக்குக் கீழே பாதியோடு நிறுத்திவிட்ட பிறகு, இத்தனை நாளும் தோளில் வாரைக் கட்டி, தோளைக் குலுக்கிக் குலுக்கி ஒரு இரும்புக் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இந்த மின்கை அப்படியில்லை. உள்ளே தோலைத் தொட்டுக்கொண்டு இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் இருக்கின்றன. இல்லாத மணிக்கட்டை உள்பக்கம் மடக்குவதாக நினைத்தால் கை மூடுகிறது. வெளிப்பக்கம் வளைப்பதாக நினைத்தால் திறக்கிறது. மிச்சமிருக்கும் தசை இறுகுவதை வைத்தே நான் என்ன கேட்கிறேன் என்று அது கண்டுபிடித்துவிடுகிறது. சம்பளம் வாங்காத வேலைக்காரன் கிடைத்த மாதிரி இருக்கிறது.

கம்பெனி இதைச் சும்மா கொடுக்கவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. அவர்கள் கூப்பிடும்போது போய் நான்கு பேர் முன்னால் முட்டை தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதானே? காட்டுகிறேன். மாப்பிள்ளை விற்கிற கையை அவர் வீட்டு மனுஷியே காட்டாவிட்டால் வேறு யார் காட்டுவார்கள்?

போனில் பேசலாமே என்று கேட்காதே. நீ "அக்கா" என்று ஆரம்பித்ததும் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். எனக்கு உன்னோடு மட்டும் பேச வேண்டும். இடது கை எழுத்துக்கும் இது ஒரு பயிற்சி.

உள்ளே இருப்பவரையும் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒளிச்சு வைக்கறதுக்குள்ள இவர் பிடுங்கிப் படிச்சிட்டார். இப்ப ஆபீஸ் முழுக்க முட்டைக் கதைதான். "எங்க அக்கா பல் தேய்க்காம கூட முட்டை தூக்கறாங்க"ன்னு பெருமை. அந்தப் பல் தேய்க்காததைச் சொல்லாம விட்டிருக்கலாம்.

வேலைக்காரன்னா எழுதியிருக்கே? அவருக்கு சார்ஜ் போடணும், துடைக்கணும், மழையில நனைய விடக் கூடாது. எந்த வேலைக்காரனுக்கு இவ்வளவு உபசாரம் நடக்கும்? அவர்தான் முதலாளி. இன்னியிலிருந்து அவர் பேரு துரை. துரை சௌக்கியமா? நேரத்துக்குச் சாப்பிடறாரா?

நான் நல்லாத்தான் இருக்கேன். வீக்கம் குறைஞ்சிருக்கு. முன்னால ரெண்டு தடவையும் எந்த மாசத்துல இல்லாம போச்சோ, அந்த மாசத்தைத் தாண்டிட்டேன். டாக்டரம்மா சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

பிரசவத்துக்கு நீதான் வரணும். அம்மா இல்லாத வீட்ல நீதான் எனக்கு அம்மா. குழந்தையை முதல்ல வாங்கப்போறது எங்க அக்காதான்னு நர்ஸ்கிட்ட இப்பவே சொல்லி வெச்சாச்சு. ரெண்டு கையாலயும் வாங்கணும். கொக்கியா இருந்தா நானே யோசிச்சிருப்பேன். இப்பதான் துரை இருக்காரே.

இவர் வணக்கம் சொல்லச் சொன்னார். உன் முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கோ.

உன் வாலு


பிப்ரவரி 11

வாலு,

துரை சௌக்கியம். என்னை நீ இரண்டாவதாகத்தான் விசாரிக்கிறாய், ஆனாலும் சொல்கிறேன், நானும் சௌக்கியம். உன் கடிதத்தில் வரிகளெல்லாம் மலையேறுகின்றன. படுத்துக்கொண்டே எழுதினாயா? அப்படியே எழுது, எனக்குப் படிக்கத் தெரியும்.

கண்ணாடிக் கடையில் இப்போது என்னை முன்பக்கம் உட்கார வைத்திருக்கிறார் முதலாளியம்மா. முன்பு பின்னறையில் ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பது மட்டும்தான் என் வேலை. இப்போது வருகிறவர்களின் முகத்தில் கண்ணாடியை மாட்டி, காம்பைக் காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிசெய்வதும் நான்தான். துரை ஃபிரேமைப் பிடித்துக்கொள்கிறார், இடது கை குட்டித் திருப்புளியால் திருகை முடுக்குகிறது. "பாதிப் பேர் உங்களைப் பாக்கத்தான் வர்றாங்க, கண்ணாடி ஒரு சாக்கு" என்கிறார் முதலாளியம்மா. நேற்று ஒரு பெரியவர் துரையோடு கைகுலுக்கிவிட்டு, தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "எல்லாம் இருக்கு" என்றார். கடையே சிரித்தது.

ஒரே ஒரு சின்ன விஷயம். போன வாரம் பஸ்ஸில் கம்பியைத் துரையால் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. டிரைவர் பிரேக் போட்டதில் அவள் சாய்ந்தாள், குழந்தை விழப்போகிறதென்று எனக்குத் திக்கென்றது. விழவில்லை. ஆனால் என் நிறுத்தம் வந்தபோது துரை கம்பியை விடவில்லை. திற, திற என்று நினைக்கிறேன். நினைக்க நினைக்க இன்னும் இறுகுகிறது. பின்னால் இருப்பவர்கள் இடிக்கிறார்கள். கண்டக்டர், "என்னம்மா, கம்பியையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார். பஸ் காலியாகி, நான் மூச்சு விட்டு உட்கார்ந்த பிறகு தானாகவே விட்டது. கடைசி நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தேன்.

மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். "வியர்வைதான்க்கா. பொட்டு நழுவியிருக்கும். பவுடர் போட்டு மாட்டுங்க. மணிக்கட்டுக்கு அடியில ஒரு பொத்தான் இருக்கு பாருங்க, இன்னொரு கையால அமுக்கினா பட்டுன்னு விட்ரும்" என்றார். பொத்தானைப் பார்த்துவைத்துக்கொண்டேன். பவுடரும் வாங்கிவிட்டேன்.

நேரத்துக்கு மாத்திரை சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

கண்டக்டர் சொன்னதைப் படிச்சு சிரிச்சதுல உள்ள இருக்கறவங்க எழுந்து ஒரு உதை விட்டாங்க. உன் கடிதம் வந்தாலே ஆட்டம்தான். பெரியம்மா பைத்தியம் இப்பவே ஆரம்பிச்சாச்சு.

துரைக்கு ரோஷம், அதான் விடலை. நீ அவரை வேலைக்காரன்னு எழுதினது தெரிஞ்சு போச்சு.

ஒரு யோசனை சொல்றேன் கேளு. ஒரு மாவுப் பையை வாங்கி, துண்டுல சுத்தி, தினம் தூக்கிப் பழகு. தலைக்கு அடியில துரை, இடுப்புக்கு அடியில உன் இடது கை. இவர் சொல்றார், நீ அப்படித் தூக்கறதைப் பார்த்தா இவங்க பெரிய அதிகாரியே எழுந்து நிப்பாராம்.

எனக்கு முதுகுவலி மட்டும்தான். பசி நல்லா எடுக்குது. நீ ஒழுங்கா சமைச்சு சாப்பிடறியா, இல்ல முட்டையே கதின்னு இருக்கியா?

உன் வாலு


மார்ச் 22

வாலு,

நீ நலம்தானே? முதுகுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்.

மாவுப் பையைத் தினமும் தூக்குகிறேன். கீழே விட்டதில்லை, நசுக்கியதும் இல்லை. மாவுப் பையிடம் துரை மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறார்.

பின்னறைக்கே திரும்பிவிட்டேன். நானாகக் கேட்டதுதான். முன்பக்கத்து விளக்கு கண்ணைக் கூச வைக்கிறது. போன வாரம் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கண்ணாடி மாட்டினேன். நீல நிற ஃபிரேம். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

பிரசவத்துக்கு வேறு யாரையாவது துணைக்குக் கேட்டு வைத்துக்கொள். எனக்கு லீவு கிடைப்பது சந்தேகம் போலிருக்கிறது.

உன் அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

விசாரிப்பெல்லாம் இந்தத் தடவை கிடையாது. உன் கடிதம் வந்தப்புறம் நான் போட்ட போனை நீ எடுக்கவே இல்ல. லீவு கிடைக்காதா? பிரசவத்துக்கு நீ வர்றதுக்காக முதலாளியம்மா கடையில உன் வேலைக்கு இப்பவே தன் தம்பி மகளை ஏற்பாடு பண்ணி வெச்சிருக்காங்களாமே!

எப்படித் தெரியும்னு பார்க்கறியா? இவர் அந்தப் பக்கமா போனவர் உங்க கடைக்கும் போயிருக்கார். நீ வங்கிக்குப் போயிருந்தியாம். "உங்க அக்காவை நான் உள்ள அனுப்பலை, தம்பி. அவங்களேதான் போனாங்க. முன்னாடி வாங்கன்னு கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க"ன்னு சொன்னாங்களாம். என்ன நடந்துச்சுன்னு இவர் கேட்டதுக்கு, "அதை அவங்க வாயால கேளுங்க"ன்னு உள்ள போயிட்டாங்களாம்.

நான் கேக்கறேன். என்ன நடந்துச்சு? நீல ஃபிரேம்னு எழுதத் தெரிஞ்சவளுக்கு மீதியை எழுதத் தெரியாதா?

வாலு


ஏப்ரல் 18

வாலு,

உன் உடம்புக்கு ஆகாது என்றுதான் எழுதவில்லை. இப்போது எழுதாமல் இருந்தால் நீ இதைவிட மோசமாகக் கற்பனை செய்வாய். உட்கார்ந்துகொண்டு படி.

அந்தப் பெண்ணுக்கு ஆறேழு வயது இருக்கும். அம்மாவோடு வந்தாள். முதல் கண்ணாடி. துரையைப் பார்த்ததும் கண்ணாடியை மறந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, இதுக்குள்ள எலும்பு இருக்கா?"

"மோட்டார் இருக்கு."

"கடிக்குமா?"

"பல்லே இல்லையே, எப்படிக் கடிக்கும்?"

சிரித்தாள். இடது கையால் அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு, துரையால் காம்பைக் காதுக்குப் பின்னால் விட்டேன். "கூசுது" என்று திடீரென்று தலையைத் திருப்பினாள். காது மடல் துரையின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே வந்துவிட்டது. வெறுமனே நடுவில் இருந்தது, அவ்வளவுதான். துரை இன்னும் மூடவில்லை. அந்த நொடியில் 'ஐயோ, காது' என்று நினைத்தேன். மூடிக்கொண்டது.

அவள் கத்தினாள். திற, திற என்று நான் நினைக்க நினைக்க என் தோள் வரைக்கும் கல்லாகிவிட்டது. அவள் கத்தக் கத்த அது இறுகியது. பொத்தானை அமுக்க இடது கை வேண்டும், அது அவள் மோவாயில் இருந்தது. அவள் தலையை உதறிவிடுவாளோ என்று அதை எடுக்கவும் பயம். எப்படியோ எடுத்து அமுக்கினேன். குட்டித் தோடு ஒன்று போட்டிருந்தாள். அது மடலுக்குள் அழுந்திப் போயிருந்தது.

தையல் போட்டார்கள். ஆறிவிடும் என்றார் டாக்டர். அவளுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் நான் அன்றைக்காவது தூங்கியிருப்பேன்.

வாலு, வியர்வை இல்லை. பவுடர் போட்டிருந்தேன். பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே இதை யோசித்துப் பார்த்துவிட்டேன். பயந்தால் உடம்பு முழுவதும் இறுகுகிறது. திறக்கச் சொல்லும் தசை, மூடச் சொல்லும் தசை, இரண்டும் சேர்ந்தே இறுகுகின்றன. எனக்கு மூடுகிற தசைதான் பலசாலி. என் பயம் துரைக்குத் தெரியாது. இறுக்கம் மட்டும்தான் தெரியும். பஸ்ஸிலும் இதுதான் நடந்தது. கையில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் எப்போது பயப்படுகிறேனோ அப்போது மூடுகிறது.

மாவுப் பைக்காக நான் பயப்படவில்லை. உன் குழந்தைக்காகப் பயப்படாமல் இருக்க எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளையிடம் காட்டு. சோதித்துப் பார்க்கட்டும். நீ நிம்மதியாக இரு.

அக்கா


மே 10

வாலு,

நீ பதில் போடவில்லை. உடம்பு சரியாக இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். அதை உன் கையெழுத்தில் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அவர் ஏற்பாடு செய்தபடி கம்பெனியின் பட்டறைக்குப் போய்வந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள். என் கையில் ஒயர்களை ஒட்டி, திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தார்கள். முட்டை கொடுத்தார்கள், தூக்கினேன். மெல்லிய காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு சொட்டு சிந்தவில்லை. பல்பு, திராட்சை, சோப்புக் குமிழிகூட ஊதிக் கொடுத்திருப்பார்கள். "மேடம், எங்க ஆளுங்களைவிட நீங்க நல்லா பண்றீங்க" என்றார்கள். ஒரு தவறும் இல்லை என்று எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்தார்கள்.

"நான் பயந்தால்தான் மூடும்" என்றேன்.

"அப்ப பயப்படாதீங்க மேடம்" என்றான் ஒருவன். கிண்டலாகச் சொல்லவில்லை. பாவம், அதுதான் வைத்தியம் என்று நம்பித்தான் சொன்னான்.

மாப்பிள்ளை என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். "அக்கா, ஒரு தடவை நடந்துபோச்சு. அதையே நினைச்சுட்டிருந்தா கை எப்படி வேலை செய்யும்? மனசைத் தேத்திக்குங்க" என்றார். நல்ல மனிதர். என் பையைக் கடைசி வரைக்கும் அவரே சுமந்தார்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவர்கள் கொடுத்ததெல்லாம் உடைந்தால் வேறு வாங்கிக்கொள்ளக்கூடிய பொருள்கள்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


ஜூன் 20

அக்கா,

பொண்ணு. தேதிக்கு முன்னாடியே வந்துட்டா. சின்ன உருவம், ஆனா நல்லா இருக்கா. என்னை மாதிரி வாய், உன்னை மாதிரி நெத்தி. நானும் சுகம்.

போன்ல சொன்னப்போ நீ அழுதே. ஆனா வரலை. நர்ஸ் "எங்கம்மா உங்க அக்கா?"ன்னு கேட்டாங்க. குழந்தையை முதல்ல வாங்கினது அந்த நர்ஸ்தான்.

எனக்கு ரொம்ப நாளா எழுத வரலை. உன் காது கடிதத்தைப் படிச்சதிலிருந்து கோபமா, பயமான்னு எனக்கே தெரியலை. இப்ப நேராவே கேக்கறேன். மெஷின் சரியா இருக்குன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அப்புறமும் நீ வரலைன்னா, என் குழந்தையைத் தூக்க உனக்கு மனசில்லைன்னுதானே அர்த்தம்? எனக்குக் கிடைச்சது உனக்குக் கிடைக்கலைன்னு உள்ளுக்குள்ள ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லிடு. நான் தப்பா நினைக்க மாட்டேன்.

இன்னொண்ணு. கம்பெனி ஒரு படம் எடுக்கறாங்க. எல்லா ஊர் கடையிலயும் ஓடப்போகுதாம். நீ குழந்தையை வாங்கி, துரையால தலையைத் தாங்கி, நெஞ்சோட அணைக்கணும். "பிள்ளையை நம்பிக் கொடுக்கலாம்"னு கீழ எழுதுவாங்களாம். குழந்தை நம்ம குழந்தைதான். இவர்தான் சொல்லியிருக்கார். ஜூலை நடுவுல.

உன்னைக் கெஞ்சி எழுதறது எனக்குப் பழக்கமில்லை. வா.

வாலு


ஜூன் 26

என் வாலுக்கு,

மூன்று பேரும் நன்றாக இருங்கள். நீ அனுப்பிய போட்டோவைக் கடையில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நெற்றி என்னுடையதுதான். பாவம், முடி முளைத்தால் மறைத்துக்கொள்ளட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: உள்ளுக்குள் ஒன்றும் இல்லை. உனக்குக் கிடைத்ததை எனக்குக் கிடைத்ததாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இத்தனை பயம். அவளை எனக்குப் பிடிக்காமல் இருந்திருந்தால் தாராளமாக வந்து தூக்கியிருப்பேன்.

படத்துக்கு ஒரு பொம்மையை வைத்துக்கொள்ளச் சொல். இல்லையென்றால் துரையின் சுவிட்சை அணைத்துவிட்டு, விரித்த விரல்களோடு சும்மா அடியில் வைக்கிறேன். இல்லையென்றால் இடது கையால் மட்டும் தூக்குகிறேன். எதற்கும் நான் தயார். அதை இயங்க விட்டு அவள் தலைக்கு அடியில் வைக்க மட்டும் சொல்லாதே. என் தங்கையாகக் கேட்காதே, அவளுடைய அம்மாவாக ஒரு நிமிஷம் யோசி.

பால் நன்றாகக் குடிக்கிறாளா?

அக்கா


ஜூலை 5

அக்கா,

குழந்தை நல்லா குடிக்கறா, நல்லா தூங்கறா. என்னைத்தான் தூங்க விடறதில்ல.

உன் கடிதத்தை இவர்கிட்ட குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சார். படம் எடுக்கறவங்ககிட்டயும் பேசினார். பொம்மை வெச்சா பொம்மைன்னு தெரியுமாம். விரல் அசையலைன்னா கையை எதுக்குக் காட்டணும்னு கேக்கறாங்களாம். இவர் பக்கத்துலயே நிக்கறேன்னு சொல்லியிருக்கார். குழந்தைக்கு அடியில அவர் கை இருக்கும், கேமராவுல தெரியாது. அப்பன் அவர், விட்டுடுவாரா?

நீ வராட்டாலும் படம் நிக்காது அக்கா. இதே கை போட்ட இன்னொருத்தர் இருக்காராம். அவரை வெச்சு எடுத்துடுவாங்க. குழந்தை என்னவோ இவதான், பேசியாச்சு. முன்னப்பின்ன தெரியாதவர் கையில குடுக்கறதுக்கு உன் கையில குடுக்கறது எனக்கு நிம்மதி. அதான் உண்மை.

அன்னிக்கு நிறையப் பேர் வர்றாங்க. புதுசா கை போட்டுக்கப்போறவங்களை எல்லாம் கூப்பிட்டிருக்காங்க, நேர்ல பாக்கட்டும்னு. அதுல ஒரு சின்னப் பொண்ணு, ஃபேக்டரி மெஷின்ல கை போனவ. அவளுக்கு ஒரு கைக்குழந்தை இருக்கு. அளவெல்லாம் எடுத்தாச்சாம். "அந்த அக்கா குழந்தையைத் தூக்கறதைப் பாத்துட்டு சொல்றேன்"னு இவர்கிட்ட சொல்லியிருக்கா. இவர் உன் முட்டைக் கதையைச் சொன்னாராம். சிரிச்சாளாம்.

பன்னிரண்டாம் தேதி கிளம்பிடு. உனக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில் போட்டிருக்கேன். போன கடிதத்துல ஏடாகூடமா எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதே.

உன் வாலு


ஜூலை 12

என் சின்னப் பெண்ணுக்கு,

உன் பெரியம்மா எழுதுகிறேன். நீ நலம் என்று உன் அம்மா எழுதியிருக்கிறாள். நானும் நலம். நீ எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் வருஷங்கள் ஆகும் என்பதால் உனக்குத்தான் இதை எழுத முடியும். தபாலில் போடப்போவதில்லை. உன் அம்மாவுக்கு, 'வருகிறேன், ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்' என்று மட்டும் எழுதிப் போட்டுவிட்டேன். அவள் சந்தோஷப்படுவாள்.

முதலில் வராமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்படிச் செய்தால் உன்னை வேறொருவர் கையில் கொடுப்பார்கள். அவர் பயப்படாதவராக இருக்கலாம். அன்றைக்கு உனக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம், படமும் நன்றாக வரலாம். அதைப் பார்த்துவிட்டு அந்த ஃபேக்டரிப் பெண் சரி என்று சொல்வாள். அவள் வீட்டில், அவள் குழந்தை ஒரு நாள் வழுக்கும், அவளுக்குத் திக்கென்றாகும். பக்கத்தில் உன் அப்பா நிற்க மாட்டார்.

உன் அப்பா உனக்கு அடியில் கை வைத்துக்கொள்வாராம். நீ கீழே விழாமல் அவர் பார்த்துக்கொள்வார். நீ விழுந்துவிடுவாய் என்று நான் ஒருபோதும் பயந்ததில்லை.

எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், இனிக் காட்டத்தான் வேண்டும். கோப்பை உடைந்தால் கவனக்குறைவு என்பார்கள். பொம்மை நசுங்கினால் இன்னொரு பொம்மை கொண்டுவருவார்கள். நசுங்கவும் நசுங்காது. எனக்குப் பயமில்லாத எதையும் துரை நசுக்குவதில்லை. நான் நிஜமாகப் பயப்படுகிற ஒன்று அதன் பிடிக்குள் இருக்க வேண்டும். அது நீயாக இருக்கக் கூடாது.

நேற்று வீட்டில் இடது கையின் சுண்டுவிரல் நுனியை மட்டும் அதனிடம் கொடுத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. பொத்தானை இன்னொரு கையால்தான் அமுக்க வேண்டும், அந்த இன்னொரு கை இதோ உள்ளே இருக்கிறது. நினைத்த மாத்திரத்தில் மூடிக்கொண்டது. மேசை விளிம்பில் மணிக்கட்டை இடித்து இடித்துத்தான் விடுவித்தேன். நகம் கருத்திருக்கிறது. உன் அம்மா கேட்டால் கதவில் நசுங்கியது என்பேன்.

எனக்கு இருப்பது இந்த ஒரு கைதான். எழுதுவது, சாப்பிடுவது, திருகு முடுக்குவது, தலை வாருவது, உன்னை ஒரு நாள் தூக்கப்போவது, எல்லாம் இதுதான்.

அன்றைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, கேமரா ஓட ஆரம்பித்த பிறகு, உன்னை என்னிடம் நீட்டுவார்கள். நான் வாங்க மாட்டேன். அந்த ஃபேக்டரிப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலிலேயே பார்த்துவைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரிகிற மாதிரித் திரும்பி நின்று, என் இடது கையின் விரல்கள் நான்கையும் துரைக்குள் வைப்பேன். பயப்படுவேனா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. உன் அப்பாவுக்குப் பொத்தான் இருக்கும் இடம் தெரியும், ஓடி வருவார். அவர் வருவதற்குள் அவள் பார்த்திருப்பாள்.

பெட்டி கட்டியாகிவிட்டது. மதிய ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இடது கை எழுத்து இப்போதுதான் கொஞ்சம் படிக்கிற மாதிரி வந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

உன் பெரியம்மா